சுருள் சின்னம் சொன்ன கதை

வெள்ளை வெளேரென்ற திரை. எங்கிருந்தோ ஒரு சிறு உருண்டை துள்ளித் துள்ளி வருகிறது. துள்ளும்போதெல்லாம் தண்ணீரில் துளி விழுந்தாற்போல் ஓர் ஓசை. பிறகு அந்த உருண்டை சுற்றிச் சுழன்று ஒரு சுருளாகி நிற்கிறது. அதன் கீழே ஒரு பெயர்: டிரீம்காஸ்ட். எல்லாம் பத்து விநாடி அளவே. அதற்குப் பிறகுதான் விளையாட்டு.

வாசகர்களே, உங்கள் வீட்டில் 1990களில் வளர்ந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் இந்தச் சுருளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒருவருக்கு முகம் மலரும். மற்ற ஒன்பது பேரும் "அது என்ன?" என்பார்கள். அவ்வளவு குறுகிய வாழ்வு அதற்கு! ஜப்பானில் 1998 நவம்பர் 27ஆம் நாள் கடைக்கு வந்தது. 2001 ஜனவரி 31ஆம் நாள், இனி இதைத் தயாரிக்கப் போவதில்லை என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. அந்த மார்ச் மாதத்தோடு தயாரிப்பு நின்றது. கணக்குப் பார்த்தால் இரண்டு ஆண்டு, நான்கு மாதம்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பெட்டி வந்தது, அது நின்றுபோன அதே 2001இல்தான். என் அண்ணன் மகன் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து வந்தான். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டை விட்டு நாங்கள் எல்லாரும் தாமானுக்குக் குடிவந்து சில காலம் ஆகியிருந்தது. தம்பி ஆறாம் வகுப்புச் சோதனையில் நன்றாகச் செய்திருந்தான். "நல்லா செஞ்சா ஒரு கேம் பெட்டி" என்று அண்ணன்காரன் வாக்குக் கொடுத்திருந்தான். மிகைநேரம் செய்து சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்குப் போனான். கடைக்காரர் பல பெட்டிகளைக் காட்டியிருக்கிறார். இதுதான் விலை சகாயம். ஏன் சகாயம் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

ஜப்பானுக்கென்று செய்த பெட்டி அது. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டுக்கு வருவதோ 240. ஆகவே கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்தார்கள். செங்கல் கனம், சுவிட்சைத் தட்டினால் வண்டு போல ரீங்காரம். அதை மாட்டி, எங்கள் பழைய தொலைக்காட்சியில் இணைத்து, வீடே கூடி உட்கார்ந்தோம். உருண்டை வந்தது. சுருள் வந்தது. ஆனால் எல்லாம் சாம்பல் நிறம்!

"என்னடா இது, கொசுவத்திச் சுருள் மாதிரி இருக்கு?" என்றார் என் தாயார். உண்மையில் கொசுவத்தியும் அப்படித்தான் பாதி எரிந்து சாம்பலாகிக் கிடக்கும். பையன்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

பெட்டியில் கோளாறு ஏதுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நம் நாட்டில் 1978இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது "பால்" என்ற முறையை எடுத்துக்கொண்டோம். ஜப்பானும் அமெரிக்காவும் "என்டிஎஸ்சி" என்ற வேறொரு முறையில் இருந்தன. படம் ஒன்றுதான், வண்ணத்தைச் சேர்த்து அனுப்பும் விதம் வேறு. ஒரு முறையை மட்டுமே அறிந்த பழைய பெட்டியில் மற்றதைக் கொடுத்தால் உருவம் தெரியும், நிறம் தெரியாது. அந்தத் தீபாவளிக்குப் புதுத் தொலைக்காட்சி வாங்கிய அன்றுதான் சுருள் ஆரஞ்சு நிறம் என்பதையே நாங்கள் கண்டோம்.

ஆரஞ்சா, நீலமா?

கண்டு மகிழ்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் அடுத்த சண்டை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு வெளிநாட்டில் படிக்கும் உறவினர் இதே பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். அதைப் போட்டால் சுருள் நீலமாக வருகிறது. "உன்னோடது போலி!" "இல்லை, உன்னோடதுதான் போலி!" தாமான் முழுவதும் இதே வழக்கு. என்னிடமும் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள். "சித்தப்பா, நீங்களே சொல்லுங்க, எது ஒரிஜினல்?" எனக்கு எப்படித் தெரியும்? நீலம்தான் போலியாக இருக்கும் என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது தவறு. இரண்டுமே அசல்தான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சுருள் ஆரஞ்சு. ஐரோப்பாவில் நீலம். காரணம், ஜெர்மனியில் டிவோலா என்றொரு பதிப்பகம் இருந்தது. குழந்தைகளுக்கான கணினி மென்பொருள்களை வெளியிடும் நிறுவனம். அவர்களுடைய சின்னமும் ஏறக்குறைய இதே போன்ற சுருள். ஒரே மாதிரிச் சின்னம் இரண்டு பேரிடம் இருந்தால் வழக்கு வரும் என்று பயந்து, ஐரோப்பாவில் நிறத்தை மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் படக்கதை விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்காக, உலகம் சுற்றிய ஒரு பெரிய நிறுவனம் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது என்றால் சின்னம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய நிறுவனம் என்றேன். அதன் பெயர் செகா. "சர்வீஸ் கேம்ஸ்" என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பிறந்த பெயர். அமெரிக்கப் படைவீரர்களின் முகாம்களில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களை வைத்துப் பிழைத்த வணிகத்திலிருந்து கிளைத்து, ஜப்பானில் வேரூன்றி வளர்ந்தது. நீல நிற முள்ளெலி சோனிக்கைப் பிள்ளைகள் அறிவார்களே, அது இவர்களுடைய படைப்புத்தான்.

ஆனால் டிரீம்காஸ்ட் வருவதற்கு முன் இவர்கள் விற்ற "சாட்டர்ன்" என்ற பெட்டி, குறிப்பாக அமெரிக்காவில், பெருத்த அடி வாங்கியது. வாங்கியவர்கள் ஏமாந்தோம் என்று முணுமுணுத்தார்கள். செகா என்ற பெயரையே கடைக்காரர்கள் கண்டு ஒதுங்கும் நிலை. எனவே புதுப் பெட்டியில் நிறுவனத்தின் பெயரையே போடாமல் விட்டுவிடலாம், புதுப் பெயரோடு புது வாழ்வு தொடங்கலாம் என்றுகூட ஆலோசித்தார்கள். கடைசியில் மனம் கேட்கவில்லை. பெட்டியின் மேல் செகா என்ற பெயரை வைத்தார்கள். ஆனாலும் சுவிட்சைத் தட்டியதும் திரையில் பெரிதாகத் தெரிவது சுருளும் புதுப் பெயரும்தான். கடனில் மூழ்கிய குடும்பம் பிள்ளையை வேறு ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது போல!

பெயரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகளிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். கனவு என்ற சொல்லையும் ஒலிபரப்பு என்ற சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது. கெஞ்சி எனோ என்ற விளையாட்டு ஆக்குநர்தான் பெயரையும் சுருளையும் தந்தார் என்று அவரை அறிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். செகா அதை உறுதிப்படுத்தவில்லை. எனோவும் 2013இல், 42 வயதிலேயே காலமாகிவிட்டார்.

பத்து விநாடிக்கு ஒரு மேதை

யார் வரைந்தார் என்பதில் ஐயம் உண்டு. யார் இசைத்தார் என்பதில் ஐயமே இல்லை. அந்தத் துளித்துளியான ஓசையை அமைத்தவர் ரியூச்சி சகமோட்டோ. சாதாரண ஆளல்லர். "தி லாஸ்ட் எம்பரர்" என்ற படத்துக்கு இசையமைத்ததில் பங்குபெற்று ஆஸ்கார் விருது பெற்றவர். ஓர் இயந்திரம் விழித்துக்கொள்ளும் நேரத்துக்கு, பத்து விநாடிக்கு, அவரைப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நம் ஏ.ஆர். ரகுமானை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர்டெல் கைப்பேசி நிறுவனத்துக்கு 2002இல் அவர் போட்டுக் கொடுத்த சிறு மெட்டு எத்தனை கோடிப் பேர் காதில் விழுந்தது! அவருடைய பல பாடல்களை அறியாதவர்கள்கூட அந்த மெட்டை முணுமுணுப்பார்கள். சகமோட்டோவுக்கு அந்தப் பாக்கியம் இதில் வாய்க்கவில்லை. மெட்டு நன்றாகத்தான் இருந்தது, பெட்டிதான் நிலைக்கவில்லை. அவர் 2023 மார்ச் 28இல் மறைந்தபோது, உலகெங்கும் அந்தப் பழைய பெட்டியை வைத்திருந்தவர்கள் அவரை நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. எங்கள் வீட்டில் அது முதலில் கேட்டபோது டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரமும் சேர்ந்தே ஒலித்தது என்பதை அவருக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாரோ என்னவோ.

இரண்டாவது திரை

சுருள் மறைந்ததும் இன்னொரு திரை வரும். யாரும் அதைப் படிப்பதில்லை. "செகா நிறுவனத்தால், அல்லது அதன் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது" என்பது அதன் பொருள். வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப் பலகை போல அமைதியாக வந்து போகும் இந்த வரிக்குப் பின்னால் ஒரு நீதிமன்ற வழக்கே இருக்கிறது.

டிரீம்காஸ்டுக்கு முன்னோடியான ஒரு செகா பெட்டியில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். உள்ளே சொருகும் விளையாட்டுக் கட்டையில், குறிப்பிட்ட ஓரிடத்தில், செ-கா என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பெட்டி தேடும். இருந்தால் இந்த உரிம வரியைத் திரையில் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும். இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது. உரிமம் பெறாமல் விளையாட்டு செய்பவன் அந்த எழுத்துகளைப் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டால் "செகா உரிமம் பெற்றது" என்ற பொய் திரையில் தோன்றும். பொய் தோன்றியதும் "எங்கள் சின்னத்தைத் திருடிவிட்டான்" என்று வழக்குப் போடலாம். எப்படி இருக்கிறது கண்ணி!

கலிபோர்னியாவில் அக்கோலேட் என்ற சிறிய நிறுவனம் அந்தக் கண்ணியில் மாட்டியது. 1991இல் செகா வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் செகா பக்கம் நின்றது. ஆனால் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. பொய்யான வரியைத் திரையில் காட்டுவது அக்கோலேட் அன்று, உங்கள் பெட்டிதான். உள்ளே நுழைய வேறு வழி விடாமல் பூட்டியவரும் நீங்கள்தான். குழப்பத்துக்குப் பொறுப்பும் உங்களுடையதே என்றது. மறு ஆண்டில் இருவரும் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

தோட்டத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் ரப்பர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்துத்தான் தரம் சொன்னார்கள். 1965இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்தது. பொதியின் மேல் எஸ்எம்ஆர் என்ற முத்திரை இருந்தால், உள்ளே அழுக்கு எவ்வளவு, வேறு கலப்பு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தது என்று பொருள். உலகின் அந்தக் கோடியில் வாங்குபவன் பொதியைப் பிரிக்காமலேயே நம்பினான். முத்திரைக்குப் பின்னால் சோதனை இருந்ததனால் வந்த நம்பிக்கை அது. செகாவின் பெட்டி சோதித்ததோ நான்கு எழுத்துகளை மட்டும்.

கொல்லைக் கதவு

டிரீம்காஸ்ட் செய்தபோது பூட்டைப் பலப்படுத்த எண்ணினார்கள். சாதாரண சிடியில் அடங்குவது ஏறக்குறைய 700 மெகாபைட். யமஹா நிறுவனத்தோடு சேர்ந்து "ஜிடி-ரோம்" என்ற தனித் தட்டை உருவாக்கினார்கள். பார்வைக்குச் சிடி போலவே இருக்கும். ஆனால் விவரங்களை நெருக்கி நெருக்கி எழுதி 1 ஜிகாபைட் வரை அடக்கினார்கள். வீட்டுக் கணினியில் போட்டால் படிக்காது. ஆகவே நகல் எடுக்க முடியாது என்று நம்பினார்கள்.

முன் வாசலுக்கு இத்தனை பெரிய பூட்டுப் போட்டவர்கள் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்! "மில்-சிடி" என்று ஒன்று. இசைத்தட்டில் பாட்டோடு படங்களும் சில வேடிக்கைகளும் சேர்த்து விற்கும் திட்டம். அது சாதாரண சிடிதான். அதையும் டிரீம்காஸ்ட் ஏற்று ஓட்டும்படி செய்திருந்தார்கள். அந்த வகைத் தட்டுகள் ஜப்பானில் வெளிவந்தவை மொத்தமே பத்துக்கும் குறைவு. யாருக்கும் பயன்படாத திட்டம். ஆனால் கள்ளர்களுக்குப் பயன்பட்டது. 2000ஆம் ஆண்டின் நடுவில், விளையாட்டைச் சாதாரண சிடியில் எழுதி, "நானும் ஒரு மில்-சிடிதான்" என்று பெட்டியை ஏமாற்றும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து எதையும் ஒட்டவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இடம் போதாத விளையாட்டுகளில் பாட்டையும் படக்காட்சியையும் வெட்டிச் சுருக்கினார்கள். செகா விழித்துக்கொண்டு, பின்னால் செய்த பெட்டிகளில் அந்தக் கதவை அடைத்தது. அதற்குள் விற்றவை விற்றவைதானே!

இப்போது இரவுச் சந்தைக்கு வருவோம். அந்த நாட்களில் சுங்கைப்பட்டாணியானாலும் பாடாங் செராயானாலும், பாசார் மாலாமில் அப்பளத்தையும் சட்டையையும் தாண்டி ஒரு மடக்கு மேசை இருக்கும். மேலே தமிழ்ப் படங்கள், நடுவில் இந்திப் படங்கள், ஓரத்தில் விளையாட்டுத் தட்டுகள். மலாயில் "செத்தாக் ரோம்பாக்" என்பார்கள், திருட்டுப் பதிப்பு. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் மேசை மடங்கும், ஆள் மறைவார், கால் மணி நேரத்தில் மறுபடியும் விரியும். அரசாங்கம் தட்டு தயாரிப்பவர்களைக் கட்டுப்படுத்த 2000இல் ஒளிவட்டுச் சட்டம் கொண்டு வந்தது. 2003 முதல் அசல் தட்டின் மேல் மின்னும் ஹோலோகிராம் ஒட்டு கட்டாயமாயிற்று. இன்னொரு முத்திரை!

நாங்களும் வாங்கினோம், மறைப்பானேன். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு அசல் தட்டு என்று இருந்தவை இரண்டே இரண்டு. மற்றவை எல்லாம் அந்த மடக்கு மேசையிலிருந்து வந்தவை. அண்ணன் மகன் மாதக் கடைசியில் ஒன்று வாங்கி வருவான். அசலின் விலை அவனுடைய பல நாள் கூலி. இதைச் சொல்வது நியாயப்படுத்த அல்ல. அன்றைக்கு இருந்தது அப்படி.

ஆனால் எனக்கு இன்றுவரை வேடிக்கையாகப் படுவது வேறொன்று. அந்தத் திருட்டுத் தட்டைப் போட்டாலும் அதே வெள்ளைத் திரை, அதே உருண்டை, அதே சுருள், சகமோட்டோவின் அதே ஓசை. அது முடிந்ததும், யாரும் படிக்காத அந்த இரண்டாவது திரையும் தவறாமல் வரும்: "செகா நிறுவனத்தால், அல்லது அதன் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது"! உரிம வரியையும் சேர்த்தே அல்லவா நகல் எடுத்திருந்தார்கள். வாசலில் நின்ற காவல்காரன் திருடனுக்கும் சலாம் போட்டு வழிவிட்டான்.

அப்படியானால் நம் மாதிரி ஆட்கள் திருட்டுத் தட்டு வாங்கியதால்தான் அந்தப் பெட்டி செத்ததா? பலர் அப்படிச் சொல்வதுண்டு. நானும் சில காலம் அப்படித்தான் நினைத்துக் குற்ற உணர்ச்சியோடு இருந்தேன். படித்துப் பார்த்த பிறகு, அது ஒரு காரணமாக இருக்கலாம், தலையாய காரணம் அல்ல என்றே தோன்றுகிறது. முந்தைய பெட்டியின் நட்டத்தைச் சுமந்துகொண்டே செகா களத்தில் இறங்கியது. ஜப்பானில் வெளியீட்டு நாளில் வேண்டிய அளவு பெட்டிகளே இல்லை. படம் வரையும் சில்லு போதுமான அளவு தயாராகவில்லை. அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9இல் 199 டாலருக்கு வந்தபோது முதல் 24 மணி நேரத்தில் 225,000க்கும் மேல் விற்றது உண்மைதான். ஆனால் விளையாட்டுத் துறையின் பெரும்புள்ளியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இந்தப் பெட்டிக்கு ஒரு விளையாட்டும் செய்து தர மறுத்துவிட்டது. 2000 மார்ச் 4இல் சோனியின் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் இறங்கியது. அதில் விளையாடலாம், டிவிடி போட்டுப் படமும் பார்க்கலாம். ஒரு வீட்டில் தகப்பனையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் திருப்திப்படுத்த முடியுமென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பலர் கையில் பணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டிரீம்காஸ்ட் மொத்தம் விற்றது 91 லட்சத்து 30 ஆயிரம். சின்ன எண்ணிக்கை அல்ல; ஆனால் கடனை அடைக்கப் போதவில்லை.

ஒரு முதியவரின் கொடை

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. செகாவின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா. தன் சொந்தப் பணத்திலிருந்து 50 கோடி டாலரை 1999இல் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்தவர். பெட்டி வணிகத்தை விட்டுவிட்டு விளையாட்டுகளை மட்டும் செய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. கடைசியில் அதுதான் நடந்தது. அறிவிப்பு வந்து ஆறே வாரம். 2001 மார்ச் 16இல் அவர் காலமானார். இறப்பதற்கு முன், தனக்கு வர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, தன்னிடமிருந்த ஏறக்குறைய 69 கோடியே 50 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளையும் நிறுவனத்துக்கே திருப்பித் தந்துவிட்டார். செகா மூழ்காமல் பிழைத்தது அதனால்தான் என்பார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே சோனிக் முள்ளெலி, பரம வைரியான நின்டெண்டோவின் பெட்டியில் ஓட ஆரம்பித்துவிட்டது! 1990களின் தொடக்கத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பள்ளிக்கூட வாசலில் அடிதடியே நடந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இந்தச் சேதி தாமதமாகத்தான் வந்தது. தம்பிக்காரன் பள்ளி நண்பன் ஒருவனுடைய ஆங்கில இதழில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். "அண்ணே, இதை நிறுத்திட்டாங்களாம். நீ வாங்கறதுக்கு முந்தியே நிறுத்திட்டாங்களாம்." அண்ணன்காரன் ஒன்றும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைக்காரரிடம் போய்க் கேட்கலாமா என்று நான்தான் துள்ளினேன். "என்னா சித்தப்பா கேக்கறது? பெட்டி ஓடுது இல்ல?" என்றான். அதுவும் சரிதான். பெட்டியில் பழுது என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு இனிப் புதுத் தட்டு வராது என்பதுதான் பழுது. அதற்கு எந்தக் கடையில் ரசீது காட்டி முறையிடுவது?

அவன் வேலைக்குப் போய்விட்ட பிறகு, தம்பி பெட்டியைத் துணியால் துடைத்து அலமாரி மேல் வைத்தான். விற்றுவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, "அண்ணன் வாங்கிக் கொடுத்தது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

இன்றும் வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடந்து, எடுத்துப் போட்டுப் பார்க்க நினைத்தால் சில வார்த்தைகள். ஜப்பான் பெட்டியானால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரே சுவரில் சொருகிவிடாதீர்கள், புகைந்துவிடும். சுவிட்சைத் தட்டியதும் "பீ" என்று நீளமாக ஓர் ஓசை கத்தினால் பயப்பட வேண்டாம். கைப்பிடியில் சொருகும் நினைவுக் கட்டையின் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது கடையில் கிடைக்கும். ஆனால் பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று இன்னொரு பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பார்வைக்கு அதே காசு போல இருக்கும். ஆனால் அது மறுபடி மறுபடி மின்னேற்றிக்கொள்ளும் வகை. அதற்குப் பதில் சாதாரண பேட்டரியைப் போட்டுவிட்டால் பெட்டி அதற்கும் மின்சாரம் ஏற்றப் பார்க்கும், கசிந்து கெட்டுவிடலாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அந்தத் தம்பிதான். இப்போது அவனும் மின்னணுத் தொழிற்சாலையில்தான் வேலை. போன தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது பெட்டியை இறக்கினான். அண்ணனும் குடும்பத்தோடு வந்திருந்தான். கொசுவத்தி என்று கேலி செய்த என் தாயார்தான் இல்லை. பையன்களின் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுவிட்ச் தட்டப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரித்தது. உருண்டை துள்ளி வந்தது. சுருள், நல்ல ஆரஞ்சு நிறத்தில்.

அதன் பிறகு ஆட்டம் தொடங்கவில்லை. தேதியைக் கேட்டது. உள்ளே இருக்கும் கடிகாரப் பேட்டரி உயிர்விட்டு வெகு நாளாகியிருந்தது. பேட்டரி போய்விட்டால் அந்தப் பெட்டி ஒரே ஒரு தேதியைத்தான் காட்டும்: 27-11-1998. தான் ஜப்பானில் கடைக்கு வந்த நாள்.

"அப்பா, தேதி தப்பா இருக்கு," என்றாள் அண்ணன்காரனின் மகள்.

"விடு, அது அப்படித்தான்," என்றான் தம்பி. பிறகு கைப்பிடியை அண்ணனிடம் நீட்டினான். "நீயே மாத்து, அண்ணே."

அண்ணன்காரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாள், மாதம், ஆண்டு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆண்டுதான் நெடுநேரம் ஓடியது.